மழ வரும்னு சொல்லு சார்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து மனையில், வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, அதில் என்னை உட்கார வைத்து, கையில் ஒரு டம்ளர் டீயையும் கொடுத்துவிட்டு அஞ்சலை சொன்னாள்:

"ஊம்... இப்ப சொல்லு சார்."

"என்ன சொல்ல?"

"மழ வரும்னு சொல்லு."

"வரும்தாம்மா. நேத்து ரேடியோவுலயே தெளிவா..."

"அது போதும். இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. மேஸ்திரி காதுல உழட்டும்."

சொன்னேன். "இன்னைக்கு இடியோட மழை வரும்!" என்று நன்றாகவே கத்திச் சொன்னேன். சாரத்தின் மேல் நின்றிருந்த மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். மிக்ஸர் மெஷின்காரன் விசில் அடித்தான். சித்தாள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையில் சும்மாடு கட்டிக்கொண்டார்கள்.

எத்தனையோ வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு இத்தனை பேர் ஒரே நேரத்தில் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

இத்தனைக்கும் நான் சொன்னது சந்தோஷப்படுகிற செய்தியா? அன்றைக்கு அஞ்சலை வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடுகிறார்கள்!

வீடு கட்டின வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டாதவர்களுக்குச் சொல்கிறேன். தளம் போட்டு அது இறுகுவதற்குள் மழை விழுந்தால் சிமெண்ட் பால் கரைந்து ஓடிவிடும். மிஞ்சுவது ஜல்லியும் கண்ணீரும்தான். மறுநாளிலிருந்து அதே தளத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும் — அது வேறு விஷயம். ஆனால் முதல் நாள், வானம் வாயை மூடிக்கொண்டு இருந்தாக வேண்டும்.

அப்படியிருக்க, வீட்டுக்காரியே ஒரு கிழவனை நாற்காலி போட்டு உட்கார வைத்து 'மழை வரும்' என்று சொல்லச் சொல்வானேன்?

காரணம், என் ராசி.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

நான் சென்னையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன் என்பது உங்களுக்குத் தெரியும். நட்டும் வாஷரும் எண்ணியே கழிந்த வாழ்க்கை. ரிடையர் ஆனதும், ஒரகடம் தாண்டி, வாலாஜாபாத் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம், நானும் என் மனைவி சரோஜாவும். எண்ணும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. போன மாதம் கரண்ட் எத்தனை தடவை போயிற்று என்று எண்ணி இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். 'உமக்கு வேறு வேலை இல்லையா?' என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். இல்லை. வேறு வேலை இருந்தால் பத்தி எழுதுவேனா?

பக்கத்து மனைக்காரன் கன்னியப்பன். அப்பா காலம் வரை ஏர் ஓட்டிய குடும்பம். இவன் படப்பை ரோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் ஓட்டுகிறான். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப். கிடைத்த ஓவர்டைம் — ஓ.டி. — ஒன்றைக்கூட விடாமல் மூன்று வருஷம் பார்த்து, பழைய கூரை வீட்டைப் பிரித்துவிட்டு, கல் வீட்டுக்குச் சுவர் எழுப்பியிருந்தான். மனைவி அஞ்சலை, இரண்டு பெண்கள், இவன் — நான்கு பேரும் பக்கத்தில் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். போன ஐப்பசி மழையில் அந்தக் கொட்டகை ஏழு இடத்தில் ஒழுகியது. எண்ணியது நான்தான். அஞ்சலைக்கு ஐந்து பாத்திரம்தான் இருந்தது. மீதி இரண்டு எங்கள் வீட்டிலிருந்து போயிற்று.

ஆக, அடுத்த மழைக்காலத்துக்குள் தலைக்கு மேல் தளம் வந்துவிட வேண்டும். தளத்தைத் தாங்கச் சென்ட்ரிங் பலகையும் சவுக்குக் கழியும் வாடகைக்கு வாங்கி நிறுத்தியாகிவிட்டது. கம்பி கட்டியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடலாம் என்று நாளும் குறித்துவிட்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் வானிலை அறிக்கை வருகிறதே! 'வட தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.' கேட்டுவிட்டுச் சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா? வேலியோரம் போய்ச் சொன்னேன். கன்னியப்பன் கலங்கிப் போய்விட்டான்.

"ஓரிரு இடம்னா எந்த இடம் சார்?"

"அதைச் சொல்ல மாட்டாங்கப்பா."

"படப்பையா, வாலாஜாபாத்தா, நம்ம ஊரா? சொன்னா இன்னா சார் கொறஞ்சி பூடும்?"

"எதுவா வேணும்னாலும் இருக்கலாம். ஜாக்கிரதையா இருக்கறது நல்லது."

தளத்தைத் தள்ளிப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயில் எப்படி அடித்தது தெரியுமா? எங்கள் கிணற்றடியில் காக்கை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை. அதே ரேடியோ, அதே வாசகம், அதே வேலியோரம். மறுபடி தள்ளிப் போட்டார்கள். மறுபடி வெயில். ஆனால் இந்த முறை எனக்குச் சாட்சி கிடைத்தது. செம்பரம்பாக்கம் பக்கம் அன்றைக்கு நல்ல மழை என்று பால்காரர் சொன்னார். நான் உற்சாகமாகப் போய் அஞ்சலையிடம் சொன்னேன்.

"பாத்தியா? ரேடியோ சொன்னது பொய்யில்ல. ஓரிரு இடத்துல பெய்யும்னாங்க, செம்பரம்பாக்கத்துல பெஞ்சிருக்கு."

அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப செம்பரம்பாக்கத்துக்காரன் தளத்த நிறுத்தி இருக்கணும். என் தளத்த இன்னாத்துக்கு சார் நிறுத்துன?"

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.

அந்த வாரம் நடுவில்தான் விஷயம் முற்றியது. ரேடியோ 'வறண்ட வானிலை நிலவும்' என்றது. பரிகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு நான் ஓடிப் போய்ச் சொன்னேன். அதை நம்பி அஞ்சலை வருஷத்து மிளகாயை எல்லாம் பாயில் கொட்டிக் காயப் போட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். மத்தியானம் ஒரே ஒரு மேகம். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எங்கள் இரண்டு மனைக்கு மட்டும் அளந்து ஊற்றிவிட்டுப் போயிற்று.

நனைந்த மிளகாயை வாரிக்கொண்டு அவள் வேலியோரம் வந்தபோது நான் குளியலறையில் ஒளிந்துகொண்டேன். ஆச்சரியம் — அவள் திட்டவில்லை. சரோஜாவிடம் ரொம்ப அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, சாருக்குக் கரிநாக்குன்னு நென்ச்சேன். இல்லம்மா. கரிநாக்குக்காரன் சொன்னா பலிச்சிடும். சாருக்கு அப்டியே உல்ட்டா. வரும்னா வராது. வராதுன்னா வரும். மூணு வாட்டி பாத்துட்டேன், ஒரு வாட்டி கூட தப்பல."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பார்க்கறேன்" என்றாள் என் மனைவி.

இதுதான் என் ராசி கண்டுபிடிக்கப்பட்ட கதை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நான் ரேடியோ முன்னால் உட்காருவதற்கு முன்பே அஞ்சலை எங்கள் வாசலில் நின்றிருந்தாள். காரணம் இருந்தது. சென்ட்ரிங்காரர் அன்று காலை வந்து, படப்பையில் வேறு வேலை ஒப்புக்கொண்டாகிவிட்டது, இந்த ஞாயிறு தாண்டினால் பலகையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்புறம் ஆடி கழிந்துதான் பலகை கிடைக்கும். ஆடி கழிந்தால் மழைக்காலம். மறுபடி அதே கொட்டகை, அதே ஏழு ஒழுகல்.

"ரேடியோ இன்னா சொல்லுது சார்?"

நான் தயங்கினேன். அறிக்கை அன்றைக்கு வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. 'ஓரிரு இடங்கள்' கூட இல்லை. 'பல இடங்களில்' என்றுவிட்டார்கள். பலத்த காற்று வேறு.

"மழை வரும்மா. நாளைக்கு நிச்சயமா வரும். இடியும் காத்துமா..."

அவள் முகம் விளக்கு ஏற்றின மாதிரி மலர்ந்தது. அங்கிருந்தே தன் மனைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"இன்னாயா! நாளிக்கே தளம் போட்டுக்கலாம்! சார் மழ வரும்ன்றாரு!"

நான் எவ்வளவோ சொன்னேன். 'இந்தத் தடவை நிஜம் அஞ்சலை' என்றேன். 'பல இடங்கள் அஞ்சலை' என்றேன். நான் எவ்வளவு அழுத்திச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவள் தைரியமானாள். கடைசியில், "காலைல வந்து அங்கியே குந்திக்கினு சொல்லிக்கினே இரு சார், புண்ணியமா பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படித்தான் அந்த மடக்கு நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன்.

மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினார்கள். முதல் பாண்டுச் சட்டி கலவையைக் கன்னியப்பனும் அஞ்சலையும் சேர்ந்து தூக்கிக் கொட்டினார்கள். அப்புறம் வேலை பிடித்துக்கொண்டது. மெஷின் கடகடவென்று ஜல்லியைப் புரட்ட, பாண்டு கை மாறிக் கை மாறிச் சாரத்தின் மேல் ஏற, காலிப் பாண்டு ஒவ்வொன்றாகக் கீழே பறந்து வர... நான் எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

இருபது இருபத்தைந்து பாண்டுக்கு ஒரு தரம் அஞ்சலை இந்தப் பக்கம் வருவாள்.

"சார், சும்மா குந்திக்கினு கீற. சொல்லு."

"மழை வரும்."

"பாரு, வெயிலு எப்டி அடிக்குது!" என்று வானத்தைக் காட்டிவிட்டுப் போவாள்.

மத்தியானம் ஆயிற்று. கடைசிப் பாண்டு மேலே போயிற்று. மேஸ்திரி ஏகாம்பரம் மட்டப்பலகையால் இழுத்து இழுத்து, தளத்தை ஒரு ஜமக்காளம் விரித்த மாதிரி ஆக்கிவிட்டுக் கீழே இறங்கினார். வாலாஜாபாத்துக்காரர், காதில் எப்போதும் ஒரு பென்சில். மெஷினை நிறுத்தினார்கள். தளம் போட்ட அன்று வேலைக்காரர்களுக்குப் பிரியாணி போடுவது வழக்கம். அண்டாவைத் திறந்ததும் மனை முழுக்க வாசனை. எல்லோரும் மரத்தடியில் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தார்கள்.

நான் மட்டும் மேற்கே பார்த்தேன்.

வாலாஜாபாத் பக்கம், பனைமரங்களுக்குப் பின்னால், வானத்தின் அடியில் யாரோ மையைக் கொட்டியிருந்தார்கள்.

காற்று நின்றுவிட்டது. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஏரிப் பக்கமிருந்து கொக்குகள் ஒரு கூட்டமாக எங்களைத் தாண்டிக் கிழக்கே போயின. நான் அவற்றை எண்ணவில்லை. என் நிலைமையை நீங்கள் அதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

"மேஸ்திரி! மேற்கால பாருங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"இந்த மாசத்துல எத்தினி பாத்தாச்சு சார். கருக்கும், காத்தடிக்கும், அப்டியே கலஞ்சி பூடும். நீங்க கீறீங்களே, இன்னா பயம்?"

"ஐயா, நிஜமாவே மழை வருது! தார்ப்பாயை எடுத்துத் தளத்தை மூடுங்க!"

பந்தியில் கைதட்டல். ஆமாம், எச்சில் கையோடு தட்டினார்கள். தார்ப்பாய் காலி சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் மடித்துக் கிடந்தது. அதன் மேல் மிக்ஸர் மெஷின்காரன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவன் கண்ணைத் திறக்காமலே, "சார் இன்னா சவுண்டு உட்றாரு பாரேன்!" என்றான்.

அஞ்சலை ஒரு கிண்ணத்தில் இரண்டு கறித்துண்டும் கொஞ்சம் சோறும் எடுத்துக்கொண்டு வந்தாள். "காலைலேர்ந்து கத்தி உனுக்குத் தொண்ட காஞ்சி கீது சார். இத்த துன்னுட்டு மறுபடி சொல்லு."

"அஞ்சலை, விளையாட்டு இல்ல. அங்க பாரு, எவ்வளவு கருப்பா..."

"ஆமா சார், ஆமா. அப்டியே சொல்லிக்கினு இரு."

உண்மையைச் சொல்கிறவனை நம்பாமல் போவது உலகத்தில் உண்டு. அவனுக்குப் பிரியாணி கொடுப்பது இங்கேதான்.

கன்னியப்பன் மட்டும் சாப்பிட உட்காரவில்லை. சுவரோரம் நின்று தளத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து அவனிடம் போனேன். அவனுக்காவது புரியும் என்று நினைத்தேன்.

"கன்னியப்பா, நீயாவது கேளுப்பா. மழை வருது."

அவன் மேற்கே ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு வருசம் ஓ.டி. சார், மேல கெடக்கறது. எங்கூட்டுப் பொண்ணுங்க தூங்கி எழறதுக்குள்ள போயி, தூங்கனப்புறம் வந்து சேத்தது. நீ சொல்லிக்கினே இரு சார். நிறுத்திடாத."

மழையை என் வாய்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று ஒரு மனிதன் மனதார நம்புகிறான். மேகமோ பனைமரத்தைத் தாண்டிவிட்டது.

நான் எங்கள் வீட்டு வேலியோரம் வந்தேன். சரோஜா அந்தப் பக்கம் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அதாவது, ஊரிலேயே என் பேச்சை நம்பிய ஒரே ஆள். அல்லது மேகத்தைப் பார்த்தாளோ என்னவோ.

"யாரும் கேக்க மாட்டேங்கறாங்க சரோஜா. தொண்டை கிழியக் கத்தியாச்சு."

"மழை வரும்னு கத்தினா எப்படிக் கேப்பாங்க?"

"பின்னே? மழை வரும்போது மழை வரும்னுதானே சொல்லணும்?"

அவள் ஒரு போர்வையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னா நான் எப்படிச் சொல்லுவேன்? 'டாக்டரெல்லாம் எதுக்கு, வீட்டுலயே இருங்க'ன்னுதானே சொல்லுவேன்? நீங்க உடனே சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பலையா?"

வாசகர்களே, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை.

நாற்காலிக்குத் திரும்பினேன். உட்காரவில்லை, நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஸ்டோர்ஸில் இருந்த காலத்தில் ஒரு வாஷரைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னவன் இல்லை நான். வாய் லேசில் வரவில்லை.

"அஞ்சலை!"

"இன்னா சார்?"

"இன்னைக்கு மழை வராது."

பந்தி அப்படியே நின்றது. வாய்க்குப் போன கைகள் பாதி வழியில் நின்றன.

"இன்னா... இன்னா சொன்ன?"

"மழை வராது. ஒரு சொட்டு வராது. வறண்ட வானிலைதான். நான் கேரண்டி!"

அஞ்சலை மார்பில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ! யோவ் மேஸ்திரி! எய்ந்திரு! சார் வராதுன்னுட்டாரு! எய்ந்திரிங்கய்யா எல்லாரும்!"

அப்புறம் நடந்ததை நான் எந்த வரிசையில் சொல்வது? இலைகள் பறந்தன. மேஸ்திரி சோற்றுக் கையோடு சாரத்தில் ஏறினார். படுத்திருந்த மெஷின்காரனை உருட்டிவிட்டுத் தார்ப்பாயை உருவினார்கள். "அந்த மூலைய புடி!" "இழு, இழு!" "கலவ மேல கால வைக்காத, பலகைல நில்லு!" "கல்லு கொண்டா, காத்துல தூக்கிக்கும்!" அத்தனைக்கும் நடுவில் அஞ்சலை என்னிடம் ஓடி வந்து, "நல்லா இருந்த மனுசன், திடீர்னு இப்டி சொல்லிட்டியே சார்!" என்று ஒரு குறையும் சொல்லிவிட்டு ஓடினாள்.

தார்ப்பாய் தளத்தில் முக்கால்வாசிக்குத்தான் வந்தது. மீதிக்கு, காலி சிமெண்ட் கோணிகள், கொட்டகையிலிருந்து இரண்டு பாய், வேலிக்கு மேலாகச் சரோஜா வீசிய பிளாஸ்டிக் ஷீட் — மழைநாளில் எங்கள் சைக்கிளுக்குப் போர்த்துவது — எல்லாம் மேலே போயின. அப்படியும் தென்கிழக்குப் பக்கம் ஒரு சின்ன மூலை திறந்து கிடந்தது.

முதல் காற்று வந்தது. புழுதியோடு, இலைகளோடு, ஈர மண் வாசனையோடு.

நான் வீட்டுக்குள் ஓடி என் குடையை எடுத்துக்கொண்டு வந்தேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். டாக்டர் கேட்டதற்கும் நான் பதில் சொல்லவில்லை. சாரத்தில் ஏறி, ஒரு கையால் கழியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் அந்தத் திறந்த மூலைக்கு மேல் குடையைத் தாழ்த்திப் பிடித்தேன். பிடித்ததும் வானம் உடைந்தது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எத்தனை எண்ண முடிகிறதோ அவ்வளவு தூரத்தில் இடி இருக்கிறது என்று ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு மழைக்கும் நான் எண்ணுவேன். அன்று மின்னல் வெட்டியது. 'ஒ' என்று வாயைத் திறந்தேன். 'ன்று' வருவதற்குள் இடித்துவிட்டது. குடையோடு உயரத்தில் நிற்பவன் நான் ஒருவன்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இறங்கியிருக்கலாம். ஆனால் குடைக்குக் கீழே இருந்தது கன்னியப்பனின் ஓ.டி. அல்லவா? எந்த மாதத்து ஓ.டி.யோ.

"சார்! எறங்கிக்கோ சார்! போனா போவுது அந்த மூல!" கீழிருந்து கன்னியப்பன் கத்தினான்.

"மழை வராதுப்பா! வராது!" என்று நான் மேலிருந்து கத்தினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. வாய்க்குப் பழகிவிட்டது.

கோடை மழை ரொம்ப நேரம் நிற்காது. எவ்வளவு வேகமாக வந்ததோ அவ்வளவு வேகமாகக் கிழக்கே படப்பைப் பக்கம் நகர்ந்தது. தார்ப்பாயில் தேங்கின தண்ணீரைப் பக்குவமாக வெளியே சரித்துவிட்டு, மேஸ்திரி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, துடைத்து, மறுபடி செருகிக்கொண்டார்.

"ஒண்ணியும் ஆவல. பாய் போட்ட எடத்துல மட்டும் ரெண்டு மூணு பொத்தல். கொஞ்சம் பால் ஊத்தித் தேச்சா சரியா பூடும்."

கன்னியப்பன் அப்படியே ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டான். அழுதானா, முகத்தில் வழிந்தது மழைத் தண்ணீரா — நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

"சார் புடிச்ச மூல?" என்று அஞ்சலை கேட்டாள்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "மொத்த தளத்துலயும் அதான் நம்பர் ஒன்னு."

"அது சமையக்கட்டுக்கு மேல வர மூல" என்றாள் அஞ்சலை, என்னைப் பார்த்து.

நஷ்டம் என்று பார்த்தால், பிரியாணி. அவசரத்தில் அண்டாவை மூட யாருக்கும் தோன்றவில்லை. பிரியாணி கஞ்சியாகிவிட்டது. யாரும் கவலைப்படவில்லை; ஆளுக்கொரு டம்ளரில் மொண்டு குடித்தார்கள். நன்றாகவே இருந்ததாம். இன்னொரு நஷ்டம், எனக்கு மட்டும்: எத்தனை பாண்டு கலவை மேலே போயிற்று என்ற எண்ணிக்கை அந்த அமளியில் மறந்துபோய்விட்டது. இருநூறுக்கு மேல். அவ்வளவுதான் சொல்ல முடியும். மேஸ்திரியைக் கேட்டேன். "அத எவன் சார் எண்றான்?" என்றார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை என் வாசலில் இரண்டு பேர். ஒருவர் நவரைப் பட்டத்து நெல் அறுத்து, தார் ரோட்டில் பரப்பிக் காயப் போட்டிருக்கிறார். மற்றவர், ஞாயிற்றுக்கிழமை மழை எட்டிப் பார்க்காத மேட்டு நிலத்தில் எள் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே தெரு.

"மழ வரும்னு ஒரு வார்த்த சொல்லு சார்" என்றார் நெல்காரர். "நெல்லு காயட்டும்."

"அய்ய, நீ சும்மா இருய்யா! சார், வராதுன்னு சொல்லு. எள்ளு கருகுது சார்."

"இது இன்னாயா நியாயம்? நான்தான மொதல்ல வந்தேன்?"

"மொதல்ல வந்தா? மழை இன்னா ரேஷன் கடையா, க்யூல நிக்க?"

என்னைப் பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அஞ்சலை, தளத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காலிக் குடத்தோடு நின்று, "நீ எனுக்கு ஊத்தற மாரி சொல்லு சார், கொடம் தூக்கி இடுப்பு போச்சி" என்றாள். ஆக மூன்று பேர்.

நான் இரண்டு நிமிஷம் யோசித்தேன். பிறகு நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் தனித்தனியாக ஒரு திருப்தி. அமைதியாகக் கலைந்து போனார்கள்.

அந்த வாசகத்தை எத்தனை வருஷமாகக் கேலி செய்திருப்பேன்! 'எந்த இடம் என்று சொல்லத் தெரியாதவனுக்கு ரேடியோ எதற்கு?' என்று இதே பத்தியில் ஒரு முறை எழுதியும் இருக்கிறேன். இப்போது தெரிகிறது. அதை முதன்முதலில் எழுதினவர் வீட்டு வாசலிலும் ஒரு நெல்காரரும் ஓர் எள்ளுக்காரரும் நின்றிருக்க வேண்டும். கூடவே, இடுப்பில் குடத்தோடு ஓர் அஞ்சலையும்.

என் குடை பாழ். ஓரமெல்லாம் சிமெண்ட் பால் தெறித்துக் காய்ந்து, இப்போது விரியவும் மாட்டேன் என்கிறது, மடங்கவும் மாட்டேன் என்கிறது. புதுசு வாங்க வேண்டும் என்றேன். "குடை எதுக்கு இந்த வயசுல?" என்றாள் சரோஜா. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன். தெருமுனை வரை போன பிறகுதான் உறைத்தது.

சரி, இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு சேதி. நேற்று ரேடியோ கேட்டேன். இந்த வாரம் முழுக்க மழை வரவே வராது, நான் கேரண்டி.

மிளகாயை உள்ளே எடுத்து வையுங்கள்.